பெயர் தந்த மரம்

மலையின் பெயராலோ நதியின் பெயராலோ ஒரு தேசம் வழங்கப்படுவது உலக இயல்பு. சந்தையில் விலைபோன ஒரு சாயமரத்தின் பெயரைத் தனதாக்கிக்கொண்டு, பின் அம்மரத்தையே ஏறக்குறைய இழந்து நிற்கும் தேசம் பிரேசிலைப் போல் வேறொன்றை நான் அறியேன்.

விசித்திரம் என்னவெனில், அப்பெயர் முதலில் நம் பக்கத்துச் சரக்குக்கு உரியது. நாம் சப்பங்கம் என்றும் பதங்கம் என்றும் சொல்லும் செஞ்சாயக் கட்டை, கீழ்த்திசையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்று அங்கே ‘பிரசில்’ என்று வழங்கியது. கொல்லத்து வாணிபத்தை விவரிக்கும் மார்க்கோ போலோவும் அதைக் குறிப்பிடுகிறார். 1500 ஏப்ரல் 22இல் போர்த்துக்கீசியக் கடலோடி கப்ராலின் கப்பல்கள் தொட்ட பிரேசில் கரையில், முள் நிறைந்த அடிமரமும் சிவந்த வைரமும் கொண்ட அதன் உறவுமரத்தைக் கண்ட போர்த்துக்கீசியர், தெரிந்த பெயரையே அதற்கும் இட்டனர். அந்நாட்டுத் தூபி மக்களோ அதை ‘இபிராபிடங்கா’, அதாவது செம்மரம், என்றே அழைத்தனர். இரும்புக் கோடரிக்கும் கத்திக்கும் துணிக்கும் பண்டமாற்றாக அதை வெட்டித் தோளில் சுமந்து கரை சேர்த்தவர்களும் அவர்களே.

‘திருச்சிலுவை நாடு’ என்று அரசாங்கம் சூட்டிய பெயரைத் துணிக்குச் சாயமேற்றும் ஒரு கட்டையின் பெயர் விழுங்கிவிட்டதே என்று சரித்திர ஆசிரியர் ஜோவாவ் டி பாரோஸ் மனம் நொந்து எழுதினார். எனக்கு இதில் வியப்பில்லை. பேரேடு எழுதுகிறவன் கை எப்போதுமே முந்திக்கொள்ளும்.

ஆம்ஸ்டர்டாமில் 1596இல் தொடங்கிய சீர்திருத்தச் சிறையில், கைதிகள் இக்கட்டையை அரத்தால் ராவிப் பொடியாக்கிய கடுந்தொழிலினால், அச்சிறைக்கே ‘ராவும் வீடு’ என்று பெயர் நிலைத்தது. 1605இல் அனுமதியின்றி இம்மரத்தை வெட்டலாகாது என்று போர்த்துக்கல் மன்னர் விதித்த ஒழுங்கு, மரத்தின்மீது கொண்ட கருணையைவிடப் பொக்கிஷத்தின்மீது கொண்ட கவலையையே எனக்குக் காட்டுகிறது.

1856இல் வேதியியலாளர் பெர்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டபின் சாயக்கட்டையின் மவுசு குன்றியது. ஆயினும், வளைத்த வளைவு மாறாத அதன் உறுதியையும் துள்ளலையும் பாரிஸில் பிரான்சுவா டூர்ட் என்பார் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வயலின் வில்லுக்கு வரித்திருந்தமையால், கோடரிக்கு ஓய்வு கிட்டவில்லை. இன்று நம் கச்சேரிகளில் பிடிக்கும் வில்லின் வடிவமும் அவர் வகுத்ததே. மரம் நின்ற அட்லாண்டிக் காட்டின் பெரும்பகுதியையோ கரும்பும் காப்பியும் ஊர்களும் கொண்டுபோயின.

1978இல் பிரேசில் அதைத் தேசிய மரமாக்கிச் சட்டம் இயற்றியது. 2007இல் அதன் சர்வதேச வர்த்தகம் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கட்டைக்கும் பலகைக்கும் அரைகுறையாய்ச் செதுக்கிய வில்லுக்கும் அன்று விதித்த அந்தக் கட்டுப்பாடு, செய்து முடித்த வில்லுக்கு இருக்கவில்லை.