செவிநுகர்வும் கருவிப்பற்றும்: திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தை முன்வைத்து

இசையை விரும்புதலும் இசையை ஒலிக்கச் செய்யும் கருவியை விரும்புதலும் வேறுவேறானவை. முன்னது பாட்டை நாடுவது. பின்னது பாட்டைக் கருவியின் திறன் அறியும் அளவுகோலாக ஆக்கிக்கொள்வது. ஒலிபெருக்கியும் இசைத்தட்டும் பரவிய 20ஆம் நூற்றாண்டில் இவ்வேறுபாடு வெளிப்படையாயிற்று. எனினும் அரங்கமைப்பின்மீது தமிழ் மரபு கொண்ட அக்கறை மிகப் பழமையானது. சிலப்பதிகார அரங்கேற்று காதை 24 விரல் கொண்ட கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என அரங்கை அளந்து காட்டுகிறது. ஆயின் ஆடலாசிரியன் முதல் யாழாசிரியன் ஈறாகக் கலைஞர்தம் தகுதிகளை உரைத்த பின்னரே அவ்வளவுகள் இடம்பெறுகின்றன. இவ்வைப்புமுறை கருதத்தக்கது.

திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபம் இவ்வகையில் சிறந்த சான்றாகும். பத்மநாபபுரத்திலிருந்து ஆண்டுதோறும் எழுந்தருளும் சரசுவதி திருவுருவின் முன் ஒன்பது மாலைகளும் இங்கு இசையரங்கு நிகழ்கிறது. அவ்வுருவம் கம்பர் வழிபட்டது என்பது மரபுச் செய்தி. முதல்நாள் சங்கராபரணம், இறுதிநாள் ஆரபி என நாளுக்கோர் இராகமாகச் சுவாதித் திருநாளின் (1813-1846) கீர்த்தனைகள் பாடப்பெறுகின்றன. அவையோர் கைதட்டுவதில்லை. கூரையிலிருந்து கவிழ்த்துத் தொங்கவிடப்பெற்ற மண்பானைகள் ஒலியைச் செம்மைப்படுத்துவதற்கெனக் கூறப்படுகின்றன. உரோமானியர் அரங்குகளில் வெண்கலக் கலங்கள் வைக்கப்பட்டதை விட்ருவியசு குறித்துள்ளார். கலத்தினுள் அடைபட்ட காற்று தனக்குரிய சுருதியில் மட்டும் அதிரும் என்பதைப் பின்னாளில் எல்ம்கோல்ட்சு விளக்கினார். விலைமதிப்பற்ற பொருள் எதுவும் இங்கில்லை. குயவர் வனைந்த பானையே ஒலிக்கருவி.

இசைத்தட்டின் வரலாறு இதற்கு மறுதலையானது. 1902இல் கல்கத்தாவில் இந்திய இசைப்பதிவு தொடங்கியபோது ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே அடங்கியது. இராக ஆலாபனை சுருங்க நேர்ந்தது. ஊசியின் இரைச்சலையும் பொறுத்துக் கேட்டோர் பாட்டை நாடியவர் எனலாம். 1925இல் மின்முறைப் பதிவும் 1948இல் நெடுநேர இசைத்தட்டும் வந்தபின் ஒலித்தூய்மையே தனியொரு நாட்டமாக வளர்ந்தது. கேட்போன் பாடகனை விடுத்துப் பெட்டியைக் கேட்கலானான். இது சற்றுக் கடுமையான கூற்றாகலாம். ஆயினும் முற்றிலும் பிழையன்று.

ஒலிநலம் வாய்ந்த அரங்கு மட்டும் இசைப்பற்றுக்குச் சான்றாகிவிடாது என்பதற்கும் இம்மண்டபமே எடுத்துக்காட்டு. எதிரொலியைக்கூட எண்ணிப்பார்த்த இவ்வரங்கில் பெண்குரல் நெடுங்காலம் ஒலிக்கவில்லை. 1939இல் திருவனந்தபுரத்தில் தோன்றிய இசைக்கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி பாறசாலை பொன்னம்மாள் (1924-2021). இதே நகரில் பயின்று, இதே நகரில் இசை கற்பித்த அவருக்கு மண்டபத்தில் பாடும் வாய்ப்பு 2006ஆம் ஆண்டில்தான் கிட்டியது. அப்போது அவருக்கு அகவை 81.