அபர்வானின் ஊற்று



நாம் குடியேறி வாழும் இந்தப் பிரித்தானியாவில், தெற்கு வேல்ஸின் பள்ளத்தாக்கொன்றில் அபர்வான் என்னும் முன்னாள் சுரங்கக் கிராமம் உண்டு. 1966 ஒக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. மறுநாள் முதல் பிள்ளைகளுக்கு விடுமுறை. காலை 9.15 மணியளவில், மலைமேல் கொட்டப்பட்டிருந்த நிலக்கரிக் கழிவு சேறாகப் பெருகி வந்து, பான்ட்கிளாஸ் ஆரம்பப் பாடசாலையையும் அயல் வீடுகளையும் மூடியது. மாண்டோர் 144 பேர். அவர்களுள் 116 பேர் சிறுவர்கள்.

இதனை இறைவனின் சித்தம் என்பது இறைவன்மேல் பழி சுமத்துவதாகும். சரிந்தது ஏழாவது கழிவுமேடு. 1958இல் அதனை ஓர் ஊற்றின்மேல் கொட்டத் தொடங்கினர். அவ்வூற்று வரைபடங்களில் குறிக்கப்பட்டிருந்தது. ஊராரும் அதனை அறிவர். இடத்தைத் தெரிந்தவர்களோ வரைபடத்தைப் பார்க்கவுமில்லை, நிலத்தைச் சோதிக்கவுமில்லை. அதே மலையில் 1944இல் வேறொரு மேடு சரிந்திருந்தது. 1963இல் ஏழாவது மேடே ஒருமுறை நகர்ந்தது. அவ்வாண்டில் நகரசபைப் பொறியியலாளர், பாடசாலைக்குப் பின்னால் கொட்டப்படும் கழிவால் ஆபத்து உண்டென எழுத்திலேயே எச்சரித்தார். ஆயினும் கொட்டுதல் நிற்கவில்லை.

1967இல் வெளியான விசாரணை மன்ற அறிக்கை, பொறுப்பு தேசிய நிலக்கரிச் சபையினுடையதே என்றது. அது அங்கே கொடியவர்களைக் காணவில்லை. தமக்குத் தகாத பணியை ஏற்று, அறியாமையாலும் அசட்டையாலும் தவறிய சாதாரண மனிதர்களையே கண்டது. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை, ஒருவரும் பதவி இழக்கவில்லை. எஞ்சிய மேடுகளை அகற்றும் செலவுக்காக, துயருற்றோருக்கென உலகத்தார் அனுப்பிய நிதியிலிருந்தே 1,50,000 பவுண் எடுக்கப்பட்டது. அத்தொகையை 1997இலேதான் அரசு திருப்பிக் கொடுத்தது. கழிவுமேடுகளின் பாதுகாப்புக்கெனச் சட்டம் வந்தது 1969இல். பிள்ளைகளைப் புதைத்த பின்னர்.

அன்புப் பெற்றோரே, உங்கள் பிள்ளைகளில் பலர் இன்று இந்நாட்டில் பொறியியல் கற்கின்றனர். அதில் நாம் பெருமை கொள்கிறோம். அவர்களுக்குச் சம்பளத்தையும் பதவியையும் பற்றி மட்டும் சொல்லாதீர்கள். அபர்வானைப் பற்றியும் சொல்லுங்கள். எசேக்கியேல் நூலின் 33ஆம் அதிகாரத்தில் வரும் காவலாளி, வாள் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாவிடின், மாண்டவரின் இரத்தப்பழி அவன்மேல் விழும். வரைபடத்தை வாசிக்கக் கற்றவரும் அத்தகைய காவலாளியே. ஒருமுறை எழுதிக் கோப்பில் இடுவதோடு அவரது கடமை முடிவதில்லை. கேட்கவேண்டியவர் கேட்கும்வரை அவர் ஊதவேண்டும்.

அந்தக் குழந்தைகளுக்காக இன்றிரவு குடும்பச் செபத்தில் ஒரு கணம் மன்றாடுங்கள்.

இறை ஆசீர் உங்களோடு.