தள்ளத் தெரியாத கம்பி

சைக்கிள் சக்கரத்தின் அச்சு மேலே இருக்கும் கம்பிகளில் தொங்குகிறதா, கீழே இருக்கும் கம்பிகளின் மேல் நிற்கிறதா?

மாட்டுவண்டி என்றால் பதில் சுலபம். குடத்திலிருந்து வட்டை வரைக்கும் போகிற ஆரக்கால்கள் ஒவ்வொன்றும் ஒரு குட்டித் தூண். பாரம் குடத்தில் இறங்கும். அந்த நேரத்தில் நேர் கீழே இருக்கும் ஆரக்கால் அதைத் தாங்கித் தரைக்கு அனுப்பும். சைக்கிளில் அந்த இடத்தில் இருப்பது 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி. ஒரு முனையை மேஜையில் ஊன்றி மறுமுனையை விரலால் அழுத்திப் பாருங்கள், வில்லாக வளைந்துவிடும். அதற்கு இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது. அப்படியானால் ஒரு ஆளையும், கேரியரில் ஒரு அரிசி மூட்டையையும் அது எப்படிச் சுமக்கிறது?

இந்தக் கம்பிச் சக்கரத்தின் கதை சைக்கிளுக்கு முன்பே ஆரம்பிக்கிறது. யார்க்‌ஷயரின் நிலக்கிழார் ஜார்ஜ் கெய்லிக்குப் பறக்கும் இயந்திரங்கள் மேல் தீராத கிறுக்கு. இயந்திரம் பறக்க வேண்டுமென்றால் அதன் சக்கரமும் எடையில்லாமல் இருக்க வேண்டும். மர ஆரங்களைத் தூக்கிவிட்டு, இறுக்கி இழுத்துக் கட்டிய கயிறுகளை வைத்தால் என்ன என்று 1808இல் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். கார்ல் டிரைஸ் பெடல் இல்லாத ஓட்டுவண்டியை உருட்டிக்காட்டியது 1817இல்தான்.

அந்த யோசனை அரை நூற்றாண்டுக்கும் மேல் தூங்கியது. 1860களில் பாரிஸில் பெடல் வைத்த வெலாசிப்பீட் பிரபலமானபோது அதற்கு இருந்தவை வண்டிச் சக்கரங்களேதான்: மர ஆரம், இரும்புப் பட்டை. கல் பாவிய தெருவில் ஓட்டினால் எலும்பெல்லாம் ஆடும். ஆங்கிலேயர்கள் அதற்கு ‘எலும்பாட்டி’ என்ற அர்த்தத்தில் ஒரு பெயரே வைத்தார்கள். 1869இல் பாரிஸைச் சேர்ந்த யூஜின் மேயர், இழுத்துக் கட்டிய கம்பிகளால் ஆன சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருஷம் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஜேம்ஸ் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மேனும் ‘ஏரியல்’ சைக்கிளுக்குக் காப்புரிமை எடுத்தார்கள். ஸ்டார்லி ஆரம்பத்தில் தோட்டக்காரர், பிறகு தையல் மெஷினைப் பிரித்து மேய்ந்தவர். படித்த பொறியாளர் இல்லை.

அப்போது பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது. ஒரு மிதி முழுசாகச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று. கியர் கிடையாது. வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிசாக்குவது ஒன்றே வழி. மரத்தில் ஒன்றரை மீட்டர் சக்கரம் செய்தால் ஓட்டுபவர் பாடு திண்டாட்டம். கம்பியில் செய்யலாம். பழைய படங்களில் பார்க்கிற அந்த உயரமான முன்சக்கரத்தைக் கட்ட முடிந்ததே கம்பி இழுவிசையால்தான்.

ஆனால் ஒரு சிக்கல். கம்பிகள் ஹப்பிலிருந்து நேராக, சூரியக் கதிர் மாதிரி போனால், பெடலை மிதிக்கும்போது ஹப் முதலில் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். கம்பிகள் சாய்ந்த பிறகுதான் ரிம்மைச் சுற்றும் பிடி கிடைக்கும். 1874இல் ஸ்டார்லி இதைத் தீர்த்தார். கம்பிகளை ஹப்பின் விளிம்பிலிருந்து பக்கவாட்டில் தொட்டுப் போகிற மாதிரி, ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக அமைத்தார். பாதிக் கம்பிகள் முன்னோக்கி, பாதி பின்னோக்கி. மிதித்தால் ஒரு பாதி இன்னும் இறுகும், மறு பாதி சற்றே தளரும், முறுக்கம் உடனே ரிம்முக்குப் போய்விடும். உங்கள் சைக்கிளின் பின்சக்கரத்தை இப்போது போய்ப் பாருங்கள், அநேகமாக அதே பின்னல்தான். 1885இல் ஸ்டார்லியின் சகோதரர் மகன் ஜான் கெம்ப் ஸ்டார்லி, செயின் வைத்த, இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவான ‘ரோவர்’ சைக்கிளைக் கொண்டுவந்தார். 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. அதோடு சக்கரத்தின் அடிப்படை முடிந்தது. 1893இல் சிகாகோ கண்காட்சியில் ஜார்ஜ் ஃபெரிஸ் நிறுத்திய ராட்டினமும் இதே இழுவிசைத் தத்துவம்தான், 80 மீட்டர் உயரத்தில்.

சரி, ஆரம்பக் கேள்விக்கு வருவோம். இதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான பதிலைத் தந்தவர் ஜாப்ஸ்ட் பிராண்ட். ஸ்டான்ஃபோர்டில் படித்த இயந்திரப் பொறியாளர். போர்ஷேயிலும் ஹியூலெட் பேக்கார்டிலும் வேலை பார்த்தவர். ஆல்ப்ஸ் மலைப்பாதைகளில் வருஷா வருஷம் சைக்கிள் மிதித்தவர். 1981இல் ‘தி பைசைக்கிள் வீல்’ என்ற புத்தகத்தை எழுதினார். சக்கரத்தைக் கணினியில் சிறு சிறு உறுப்புகளாகப் பிரித்து, பாரம் ஏற்றினால் ஒவ்வொரு கம்பியின் இழுவிசையும் எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிட்டார். மேலே இருக்கும் கம்பிகளில் ஏறக்குறைய ஒன்றுமே மாறவில்லை. தரைக்கு நேர் மேலே இருக்கும் நாலைந்து கம்பிகள் மட்டும் கணிசமாகத் தளர்ந்தன. ஆக, சக்கரம் கீழ்க்கம்பிகளின் மேல் நிற்கிறது என்றார் பிராண்ட். பலருக்கு இது ஏற்கவில்லை. ‘கம்பி எப்படித் தள்ளும்?’ என்று இன்றும் சண்டை போடுகிறார்கள்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் வேலையில் ஒரு மாற்றத்தைப் புரிந்துகொள்ள முழு நிரலையும் படிக்க மாட்டோம், முன்னுக்கும் பின்னுக்கும் என்ன வித்தியாசம் என்று மட்டும் பார்ப்போம். பிராண்ட் செய்ததும் அதுவே. ஏற்கெனவே 100 கிலோ இழுவிசையில் இருக்கும் கம்பி 60 கிலோவுக்கு இறங்கினால், அது 40 கிலோ பாரத்தைத் தாங்கியதாகக் கணக்கு. அது தள்ளவில்லை, தன் இழுப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. ஆகவே கம்பியால் எவ்வளவு தாங்க முடியும் என்பது முதலிலேயே எவ்வளவு இறுக்கி வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 36 கம்பிகள், தலா 100 கிலோ என்றால் சும்மா நிறுத்தி வைத்த சக்கரத்துக்குள்ளேயே மூன்றரை டன் இழுவிசை இருக்கிறது.

இது புரிந்துவிட்டால் கம்பி ஏன் உடைகிறது என்பதும் புரியும். பெரும்பாலும் பள்ளத்தில் விழுந்து உடைவதில்லை. சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.1 மீட்டர் போகிறது, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 475 சுற்று. 10,000 கிலோமீட்டரில் ஒவ்வொரு கம்பியும் 47 லட்சம் தடவை தளர்ந்து இறுகியிருக்கும். தகரத்தை மடக்கி மடக்கி ஒடிக்கிற மாதிரி, ஹப்பில் வளைந்து நுழையும் முழங்கையில் களைத்து உடைகிறது. தளர்வாகக் கட்டிய சக்கரத்தில் இது சீக்கிரமே நடக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நடுவில் 1.8 மில்லிமீட்டராக மெலிந்த கம்பி, முழுக்க 2 மில்லிமீட்டராக இருப்பதைவிட நீடித்து உழைக்கும். அதே இழுவிசைக்கு மெலிந்த கம்பி அதிகம் நீளும். அதனால் முழுசாகத் தளர்ந்துபோக நேரமெடுக்கும், மீள்வதும் நடுப்பகுதியிலேயே நடக்கும், முழங்கை பிழைக்கும்.

நம்ம ஊர் சைக்கிளின் கணக்கும் இந்தப் பரம்பரைதான். 1949இல் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு கூட்டுச் சேர்ந்து மதராஸில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியபோது வந்து சேர்ந்தது பிரிட்டிஷ் ரோட்ஸ்டர். முன்னால் 32 கம்பி, பின்னால் 40. பாரம் பின்னால் அல்லவா? கடைகளில் அதற்குப் ‘போக்ஸ் கம்பி’ என்று பெயர், சக்கரத்தை நேராக்குவதற்குக் ‘கோட்டம் எடுப்பது’. திருச்சியில் ஒரு கடையில் கோட்டம் எடுத்து முடித்த அண்ணன், பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை ஜோடி ஜோடியாகப் பிடித்து, கை வலிக்க வலிக்க அமுக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

“ஏண்ணே இப்படி அமுக்குறீங்க?”

“அப்பத்தான் தம்பி கம்பி உக்காரும்.”

பிராண்ட் புத்தகத்திலும் இதே அமுக்கல் வருகிறது, காரணம் மட்டும் வேறு. கம்பியை வளைத்துச் செய்யும்போதே முழங்கையில் சில புள்ளிகளில் அழுத்தம் மிச்சமாகத் தங்கிவிடுகிறது. கைகளால் அமுக்கும்போது இழுவிசை சற்று நேரம் எகிறி, அந்தப் புள்ளிகள் மட்டும் நெகிழ்ந்து அடங்குகின்றன. களைப்பு தொடங்கக் காத்திருந்த இடமே இல்லாமல் போகிறது. கணக்குப் போட்டவரும் கடை அண்ணனும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள்.

இந்தக் கை வேலை இப்போது மெதுவாக நழுவுகிறது. 1990களிலிருந்து தொழிற்சாலையிலேயே முழுசாகக் கட்டிய, கம்பி குறைந்த சக்கரங்கள் பந்தயத்தில் இறங்கின, பிறகு சாதாரணக் கடைக்கும் வந்தன. 20 கம்பியில் ஒன்று போனால் ரிம் உடனே கோணி பிரேக்கில் உரசும். 36இல் ஒன்று போனால் வீடு வரைக்கும் வந்துவிடலாம். என்னுடைய ஒரு சைக்கிளில் பின்சக்கர இடதுபக்கக் கம்பி திரும்பத் திரும்ப உடைந்தது. கியர் பற்சக்கரங்களுக்கு இடம் விட ரிம்மை வலதுபக்கம் தள்ளுவதால் இடதுபக்கம் எப்போதும் தளர்வு, உடைவதில் ஆச்சரியமில்லை. வாங்கிய இடத்தில் கேட்டால், “கம்பி தனியா வராது சார், வீலோட மாத்திடுங்க” என்றார்கள். ஒரு கம்பிக்காக ஒரு சக்கரம்! அந்த ஹப்பைக் கழற்றி, 36 துளையுள்ள வேறு ஹப்பும் ரிம்மும் வாங்கி, நானே பின்னினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

கட்டும்போது புரிவது, இதில் பலத்தைவிடச் சமம் முக்கியம். ஒரே பக்கத்துக் கம்பிகளை விரலால் மீட்டினால் ஏறக்குறைய ஒரே சுருதி வர வேண்டும். ஒன்று மட்டும் மொக்கையாக ஒலித்தால் அதன் வேலையைப் பக்கத்துக் கம்பி செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நிப்பிளை ஒரு முழுச் சுற்றுத் திருப்பினால் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நகரும், அதனால் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று பொறுமையாகத்தான் போக வேண்டும்.

இப்படிக் கட்டியதில் முதலில் தேய்வது ரிம்தான், பிரேக் உரசி உரசி. அப்போதும் சக்கரத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அதே அளவுள்ள புது ரிம்மைப் பழசின் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டிவிட்டு, கம்பிகளைத் தளர்த்தி, ஒவ்வொன்றாகப் பழைய துளையிலிருந்து புதுத் துளைக்கு மாற்றலாம். பின்னலைக் கலைக்கவே வேண்டாம். லட்சக்கணக்கான சுற்றுகளைத் தாங்கி நின்ற கம்பிகள் பயந்து மாற்ற வேண்டியவை அல்ல, நம்பி வைத்துக்கொள்ள வேண்டியவை.