கொல்லைக் கறிவேப்பிலையின் கதை

"கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போட்டுட்டாங்க"ன்னு சொல்வோம் இல்லையா? அந்த இலையோட வயசு தெரிஞ்சா அப்படிச் சொல்ல மனசு வராது.

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் போகும் வழியைச் சொல்வது. அந்த வழியில் ஒரு வீட்டுச் சாப்பாடு வருகிறது: வெண்ணெயில் வெந்த மாதுளங்காய், மிளகு, கூடவே கறிவேப்பிலை. அன்று அதன் பேர் கஞ்சகம். மிளகாய் நம்ம நாட்டுக்கு வராத காலம், உறைப்புக்கு மிளகுதான். எங்க சிங்கப்பெருமாள் கோவிலும் அதே தொண்டை நாடுதான்.

1768-ல் தரங்கம்பாடிக்கு டாக்டராக வந்தவர் கோனிக், லின்னேயஸின் மாணவர். 1771-ல் லின்னேயஸ் இந்தச் செடிக்கு அவர் பேரையே வைத்தார். இன்றும் தாவரவியல் பேரில் 'கோனிகி' ஒட்டிக்கொண்டிருக்கிறது. துவையல் அரைச்ச நம்ம பாட்டிங்க பேரை யாரும் வைக்கலை!

இலையில் கால்சியமும் பீட்டா கரோட்டினும் உண்டு. தாளித்து ஓரமா ஒதுக்கினால் வாசனை மட்டும்தான் மிச்சம். துவையலோ பொடியோ செய்தால் முழு இலையும் உள்ளே போகும்.

ஆனால் எந்த இலை? கொழுந்தை உறிஞ்சும் சைலா பூச்சிக்கு மருந்து அடிப்பது வழக்கம். நானும் அடிச்சவன்தான். வீட்டுக்கு மட்டும் கொல்லை மரத்தில் பறிப்பேன். "அப்போ வாங்கிச் சாப்பிடறவங்களுக்கு?" என்று ஒருநாள் மகள் கேட்டாள். பதில் இல்லை. இப்போ வேப்பெண்ணெய்க் கரைசல்தான். வருமானம் குறைஞ்சுது, தூக்கம் வருது.

உங்க மாடித் தொட்டியிலும் ஒரு கன்று வையுங்க.