வீடு தேடிய இசை

வேலப்பன்சாவடியில் நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடியில், பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இரைச்சல் சற்றே அடங்கியதோர் இரவில், நாங்கள் சிலர் அமர்ந்து இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்?' இசைத்தொகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தோம். வயலின் எழுந்து சில கணங்களுக்குள், "இது 'வீடு' படத்து இசையல்லவா?" என்றார் ஒருவர். கேள்வியில் தவறில்லை, ஆனால் வரலாறு அதற்கு நேர்மாறானது. இத்தொகுப்பு வெளிவந்தது 1986-இல். பாலு மகேந்திரா அதைத் தம் படத்தின் பின்னணி இசையாக எடுத்தாண்டது 1988-இல். திரைப்படத்தின் துணையின்றிப் பிறந்த இசை, திரைப்படத்தின் வழியாகவே நம் நினைவில் தங்க நேர்ந்தது ஏன்? இதைப் பற்றியே இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

இளையராஜா கித்தார் கலைஞராகவும் இருந்தவர். பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்டு, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று மேடையேறியவர். சென்னைக்கு வந்தபின் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசை பயின்றார், சலீல் சௌத்ரியின் இசைக்குழுவில் கித்தார் வாசித்தார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பணிபுரிந்தார். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. பத்தாண்டுகள் கழித்து, 'மௌன ராகம்', 'புன்னகை மன்னன்' ஆகிய படங்கள் வெளிவந்த அதே 1986-இல்தான், காட்சியின் நீளமோ கதாபாத்திரத்தின் மனநிலையோ கட்டளையிடாத இத்தொகுப்பும் வெளிவந்தது.

புகழ்பெற்ற குழுவினுள் இருந்த கித்தார் கலைஞன் தனித்து வெளியிடும் இசைக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஜார்ஜ் ஹாரிசன். பீட்டில்ஸ் குழுவில் லெனனும் மெக்கார்ட்னியும் எழுதிய பாடல்களுக்கிடையே அவருக்குக் கிடைத்த இடம் சிறிது. 1969 தொடக்கத்தில் குழுவோடு ஒத்திகை பார்த்தும் குழுவின் இசைத்தட்டில் இடம்பெறாத பாடலொன்றின் பெயரையே, குழு பிரிந்தபின் 1970 நவம்பரில் தாம் வெளியிட்ட மூன்று இசைத்தட்டுத் தொகுப்புக்குச் சூட்டினார். அவர் குழு கலைந்தபின் தனித்தார். இளையராஜாவோ எதையும் விட்டு விலகவில்லை. திரையுலகின் நடுவில் இருந்தபடியே, தமக்கென ஓர் அறையைத் திறந்துகொண்டார்.

அந்த அறைக்குள் அவர் அழைத்த விருந்தினர் இருவர்: தியாகராஜர், பாக். தொகுப்பே இவ்விருவருக்கும் காணிக்கை. பாக் மறைந்தது 1750-இல். தியாகராஜர் பிறந்தது 1767-இல். வாழ்நாளில் சந்தித்திருக்கவே இயலாத இருவர். பாக்கைத் தம் வீட்டில் சந்தித்ததாகவே ஓர் இசைத்துண்டுக்குப் பெயர் வைத்தார் இளையராஜா. பாக்கின் தனி வயலினுக்கான மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னிசை அதில் ஒலிக்கிறது. வயலின் வி.எஸ். நரசிம்மனுடையது.

இச்சந்திப்பு எளிதானதன்று. நம் மரபிசை ஒற்றை இழையில் நடப்பது. ஒரு சுரம் அசைந்தும் வளைந்துமே உயிர் பெறுகிறது. பாக் பெரிதும் கையாண்ட ஃபியூக் வடிவத்திலோ, ஒரு குரல் தொடங்கிய கருவை இன்னொரு குரல் பின்தொடர்ந்து பற்றிக்கொள்ள, பல இழைகள் ஒருங்கே செல்ல வேண்டும். சுரம் மிகுதியாக அசைந்தால் இழைகளின் இணக்கம் குலையும். அசையாவிட்டால் ராகம் வாடும். இவ்விரண்டில் எதையும் கைவிட மனமில்லாத ஒருவரின் தவிப்பையே இத்தொகுப்பில் நாம் கேட்கிறோம். இதற்கு என்ன பெயரிடுவது என்னும் தலைப்பு, அந்தத் தவிப்பிலிருந்து எழுந்த உண்மையான கேள்வியாகவே நமக்குத் தோன்றுகிறது.

பின்னர் 'வீடு' வந்தது. பாடல்களே இல்லாத அப்படத்தில், அர்ச்சனா நடித்த சுதா என்னும் அலுவலகப் பெண் சென்னையில் சிறியதொரு வீடு கட்ட முயன்று அலைகிறாள். பாதி எழும்பிய சுவர்களைக் காண வரும் தாத்தாவாகச் சொக்கலிங்க பாகவதர். அம்முதியவரோடு இவ்விசை சேர்ந்த பின், இரண்டையும் பிரித்தறிய நம்மால் இயலவில்லை. சென்னையின் மேற்குப் புறநகர்களில் கடன் வாங்கி மனை வாங்கியோருக்கு அந்த அலைச்சல் சொந்தக் கதை. எங்கள் நண்பருக்கும் அப்படித்தான்.

ஆயினும் ஓர் உறுத்தல் எஞ்சுகிறது. சொல்லோ காட்சியோ இல்லாத இசையைத் தனியாகக் கேட்கும் பழக்கத்தை நாம் வளர்த்துக்கொள்ளவில்லை. ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு 1988-இல் வந்த 'நத்திங் பட் விண்ட்' தொகுப்பையும் அவருடைய திரைப்பாடல்களையும் ஒருசேர அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்? 2025 மார்ச்சில் லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியபோது நாம் பெருமிதம் கொண்டோம். பெருமிதம் கொள்வது எளிது. அமர்ந்து கேட்பதற்குத்தான் பொறுமை வேண்டும்.

அன்றிரவு விளக்கணைத்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து கேட்டோம், படத்தை மறந்துவிட முடிவு செய்து. முழுமையாக இயலவில்லை, அம்முதியவர் இருமுறை வந்து போனார். ஆனால் நரசிம்மனின் வில் பாக்கின் முன்னிசையைத் தொட்டபோது, சுவர்களும் மறைந்து, அந்த உரையாடல் மட்டும் சிறிது நேரம் இருந்தது.