ஐம்பது வருஷப் பாக்கி

வயதான பாட்டுக் கோஷ்டியைப் பார்க்கப் போகிற ரசிகர்களிடம் எனக்கு எப்போதுமே கொஞ்சம் சந்தேகம் உண்டு. இவர்கள் பாட்டைக் கேட்கப் போகிறார்களா, தங்களுடைய பதினெட்டாவது வயதைப் பார்க்கப் போகிறார்களா? பெரும்பாலும் இரண்டாவதுதான். மேடையில் நிற்கிறவருக்கு எழுபது வயது, கீழே நிற்கிறவருக்கு அறுபத்தைந்து. இடையில் ஒன்றுமே நடந்துவிடவில்லை என்று இருவரும் சேர்ந்து இரண்டு மணி நேரம் பாவனை செய்கிறார்கள். டிக்கெட்டு விலை அந்தப் பாவனைக்குத்தான். குரல் தளர்ந்துபோன வித்வானை நம் சபாக்களில் ஜனங்கள் பொறுமையாக உட்கார்ந்து கேட்பதும் ஏறக்குறைய இந்த ரகம்தான். அதைக் குறை சொல்ல நான் யார்?

ஆனால் 2016ஆம் வருஷம் மார்ச் 25ஆம் தேதி, பெரிய வெள்ளிக்கிழமை ராத்திரி, கியூபாவின் தலைநகரான ஹவானாவில் நடந்த கச்சேரி இந்தக் கணக்கில் சேராது. பாடியவர்கள் இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ் கோஷ்டியார். இடம் சியூதாத் தெபோர்த்திவா என்ற விளையாட்டு மைதானம். அனுமதி இலவசம். அங்கே கூடியிருந்த நரைத்த தலைக்காரர்களுக்கு நினைவுபடுத்திக்கொள்ளப் பழைய கச்சேரி ஒன்றும் கிடையாது. வாலிபத்தில் காதோடு காதாக ஒளித்துக் கேட்டவர்களை, கிழவர்களான பிறகு முதல் தடவையாகக் கண்ணால் பார்க்க வந்தவர்கள் அவர்கள்.

ஸ்டோன்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1961ஆம் வருஷம் டார்ட்போர்டு ரயில் நிலையத்தில் மிக் ஜாகர் என்ற பையன், சக் பெர்ரி, மடி வாட்டர்ஸ் ஆகிய அமெரிக்க நீக்ரோப் பாடகர்களின் இசைத்தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கீத் ரிச்சர்ட்ஸ் என்ற இன்னொரு பையன் அதைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தான். சின்ன வயதில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான். கோஷ்டியின் பெயர்கூட மடி வாட்டர்ஸின் ஒரு பாட்டிலிருந்து எடுத்ததுதான். 1962 ஜூலை 12ஆம் தேதி லண்டனில் மார்க்கீ கிளப்பில் அந்தப் பெயரோடு முதன்முதலாக மேடை ஏறினார்கள்.

அந்த 1962 கியூபாவுக்கும் மறக்க முடியாத வருஷம். பிப்ரவரியில் அமெரிக்கா அந்தத் தீவோடு வியாபாரத்தை அடியோடு நிறுத்தியது. அக்டோபரில் ரஷ்ய ஏவுகணைகள் அங்கே இருப்பது வெளிப்பட்டு, உலகம் பதின்மூன்று நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. தொண்ணூறு மைல் தூரத்தில் பலசாலியான விரோதி. அப்படிப்பட்ட வீட்டில் இங்கிலீஷ் பாட்டுப் பாடினால் பெரியவர்களுக்குக் கோபம் வருவதைப் புரிந்துகொள்ளலாம். நியாயம் என்று சொல்ல மாட்டேன், புரிந்துகொள்ளலாம் என்கிறேன்.

1963 மார்ச் 13ஆம் தேதி ஹவானா சர்வகலாசாலையின் படிக்கட்டில் நின்று பிடல் காஸ்ட்ரோ பேசினார். இறுகப் பிடித்த கால்சட்டை மாட்டிக்கொண்டு, கிதாரும் கையுமாக எல்விஸ் பிரெஸ்லி மாதிரித் திரிகிற சோம்பேறிப் பையன்களை அந்தப் பேச்சில் கேலியும் கண்டனமும் செய்தார். அவர் கேலி செய்தால் அது கேலியோடு நிற்காது. தலைவர் புருவத்தை உயர்த்தினார் என்றால், கீழே இருக்கிற ஒவ்வொரு குமாஸ்தாவும், ஒவ்வொரு பள்ளி ஆசிரியரும், தெருக் கமிட்டிக்காரரும் தடியை எடுத்துக்கொள்வார்கள். பீட்டில்ஸையும் ஸ்டோன்ஸையும் பாட வேண்டாம் என்று ரேடியோ நிலையங்களே பார்த்துக்கொண்டன. நீள முடி வளர்த்த மாணவனைப் பார்த்து முகம் சுளித்தார்கள். பின்னால், 1970க்கு மேல், இதற்கெல்லாம் ‘சித்தாந்தத் திசைதிருப்பல்’ என்று ஒரு பெரிய பெயரும் கிடைத்தது. பதினாறு வயதுப் பையன் பெண்பிள்ளைகள் முன்னால் ஆடுவதற்காக ஒரு பாட்டைக் கேட்கிறான். அவனுக்கே தெரியாமல் அவன் தலையில் இவ்வளவு பெரிய தத்துவம்!

கேலியோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். 1965 நவம்பரில் காமகுவே மாகாணத்தில் ‘உற்பத்திக்கு உதவும் ராணுவப் பிரிவுகள்’ என்ற பெயரில் முகாம்கள் திறந்தார்கள். ஒருபால் விருப்பமுள்ளவர்கள், யெகோவா சாட்சிகள் போன்ற மதத்தினர், பாதிரிமார்கள், ‘ஒழுங்குக்கு அடங்காதவர்கள்’ என்று முத்திரை குத்தப்பட்ட வாலிபர்கள் எல்லாரையும் அங்கே கொண்டுபோய்க் கரும்பு வெட்ட விட்டார்கள். கடைசி வகையில், நீள முடிக்காகவும் நடையுடைக்காகவும் பிடிபட்டவர்களும் உண்டு. 1968ல் முகாம்கள் மூடப்பட்டன. 2010ல், தள்ளாத வயதில், ஒரு மெக்ஸிகோப் பத்திரிகைப் பேட்டியில், ஒருபால் விருப்பமுள்ளவர்களுக்கு இழைத்த கொடுமைக்குப் பொறுப்பு தம்முடையதே என்று காஸ்ட்ரோ ஒப்புக்கொண்டார்.

இதையெல்லாம் தாண்டி அந்தப் பையன்கள் எப்படித்தான் பாட்டுக் கேட்டார்கள்? இருட்டு உதவி செய்தது. உருவகமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே இருட்டுத்தான். மத்திய அலை ரேடியோ பகலில் தரையோடு தரையாகப் போய்ச் சீக்கிரம் களைத்துவிடும். சூரியன் மறைந்த பிறகு, ஆகாயத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி எங்கோ தூரத்தில் வந்து விழும். அமெரிக்காவின் ஆர்க்கன்ஸா மாகாணத்தில் லிட்டில் ராக் என்ற ஊர். அங்கே 50,000 வாட் சக்தியுள்ள ஒரு நிலையம் நடுராத்திரிக்கு மேல் இந்தப் பாட்டுகளை வைத்துக்கொண்டிருந்தது. ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், ஹவானாவில் போர்வைக்குள் ரேடியோவை வைத்துக்கொண்டு ஒருவன் அதைப் பிடிப்பான். மயாமி நிலையங்கள் இன்னும் பக்கம். பாட்டு பாதி, இரைச்சல் பாதி. பல்லவி வரும், சரணத்தில் அலை போய்விடும். வார்த்தை அவனுக்குப் புரியாது, அவனுக்குத் தெரிந்தது ஸ்பானிஷ். சத்தம் அதிகமானால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அபூர்வமாக யாராவது மாலுமி கொண்டுவந்த இசைத்தட்டு, தேய்ந்து கீச்சிடும் வரையில் கையிலிருந்து கைக்கு மாறும். படம் பார்ப்பதே கஷ்டம். பாடுகிறவன் கறுப்பா வெளுப்பா என்றுகூடத் தெரியாமல் அவன் பாட்டை மனப்பாடம் செய்தவர்கள் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ரசிகன் என்றால் இவனல்லவா ரசிகன்! டிக்கெட்டு வாங்கி நாற்காலியில் சாய்ந்துகொள்கிற நாமெல்லாம் வெறும் வாடிக்கைக்காரர்கள்.

காலம் மெல்ல இளகிற்று. 1979 மார்ச்சில் பில்லி ஜோயல் முதலிய அமெரிக்கர்கள் ஹவானாவில் கார்ல் மார்க்ஸ் தியேட்டரில் மூன்று நாள் வாசித்தார்கள். 2000 டிசம்பர் 8ஆம் தேதி, ஜான் லென்னன் சுடப்பட்டு இருபது வருஷம் நிறைந்த நாளில், வெதாதோ பகுதியின் ஒரு பூங்காவில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். பெஞ்சியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிற சிலை. திறப்பு விழாவுக்குக் காஸ்ட்ரோவே வந்தார். லென்னனைப் போலத் தாமும் கனவு காண்கிறவர்தான் என்ற கருத்தில் ஏதோ சொன்னார். சிலையின் மூக்குக் கண்ணாடியை அடிக்கடி எவனோ கழற்றிக்கொண்டு போகவே, காவலுக்கு ஒரு ஆளைப் போட்டார்கள். பார்க்க ஆள் வந்தால் அவர் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிவிடுவார், போன பிறகு கழற்றி வைத்துக்கொள்வார். நீள முடிக்காரனைக் காவல்காரர் துரத்திய ஊரில் ஒரு நீள முடிக்காரனின் கண்ணாடிக்குக் காவல்காரர்! கதையில் எழுதினால் மிகையென்று பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார்.

2016 மார்ச் 20ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா ஹவானாவுக்கு வந்து இறங்கினார். பதவியிலிருக்கும் ஜனாதிபதி ஒருவர் அங்கே வந்து 88 வருஷம் ஆகியிருந்தது. அவர் 22ஆம் தேதி கிளம்பிப் போனார். மூன்றாம் நாள் ஸ்டோன்ஸ். ஒளியும் ஒலியும் தரும் கருவிகள் டஜன் கணக்கான பெட்டகங்களில் கப்பலேறி வந்தன. கோஷ்டியார் சம்பளம் வாங்கவில்லை. செலவை குரசாவ் தீவிலுள்ள ஒரு தரும ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டது. வந்த கூட்டத்தைப் பற்றி, ஐந்து லட்சம் என்றவர்களும் உண்டு, பன்னிரண்டு லட்சம் என்றவர்களும் உண்டு. டிக்கெட்டு இல்லாத கூட்டத்தை யார் எண்ணினார்கள்?

1968ல் வந்த ‘ஜம்ப்பிங் ஜாக் பிளாஷ்’ பாட்டோடு ஆரம்பித்தார்கள். ஜாகருக்கும் ரிச்சர்ட்ஸுக்கும் 72 வயது. ரான்னி உட்டுக்கு 68. மத்தளக்காரர் சார்லி வாட்ஸுக்கு 74. ஆபீஸிலிருந்து ரிடையரான கணக்கப்பிள்ளை மாதிரி முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் தட்டிக்கொண்டிருந்தார். ஜாகர் ஸ்பானிஷ் பாஷையிலேயே பேசினார். முன்பெல்லாம் எங்கள் பாட்டை இங்கே கேட்பது சிரமமாக இருந்தது என்று எங்களுக்குத் தெரியும், ஆனாலும் இதோ வந்துவிட்டோம், காலம் மாறுகிறது அல்லவா என்ற பொருளில் சொன்னார். நாசூக்கான வார்த்தை. யார் சிரமப்படுத்தினார்கள் என்று அவரும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கூட்டத்தில் இளைஞர்கள் பலருக்குப் பாட்டுத் தெரியவில்லையாம். அவர்கள் வளர்ந்தது ரெகேட்டோன் தாளத்தில். இந்தக் கிழவர்கள் அவர்களுக்கு ஒரு வேடிக்கை. தாத்தாமார்கள் அழுதார்கள். 1966ல் பதினைந்து வயதாக இருந்தவனுக்கு அன்று அறுபத்தைந்து. இவ்வளவு காலமும் இரைச்சலுக்கு நடுவே கேட்ட பாட்டில், இரைச்சல் இல்லாமல் கிதார் தனியாகவும் தோல் தனியாகவும் காதில் விழும்போது அவனுக்கு என்ன தோன்றியிருக்கும்? சந்தோஷம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட எனக்கு மனமில்லை. கொடுக்க வேண்டிய பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள், வாஸ்தவம். ஆனால் பதினைந்து வயதில் கொடுத்திருந்தால் அவன் ஆடியிருப்பான். அறுபத்தைந்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். வட்டி யார் கொடுப்பது?

வர முடியாதவர்களும் இருந்தார்கள். கோஷ்டியை ஆரம்பித்த பிரையன் ஜோன்ஸ் 1969லேயே செத்துப்போனார். அதே மாதிரி மைதானத்திலும் எத்தனையோ காலி இடங்கள். போர்வைக்குள் கூடவே படுத்து ரேடியோ கேட்ட சிநேகிதர்களில் பலர் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் படகேறி அதே மயாமிக்குப் போய்விட்டார்கள். அங்கே அவர்கள் டிக்கெட்டு வாங்கிக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் ஸ்டோன்ஸைப் பார்க்கலாம். பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவன்தான் இல்லை.

முடிகிற தறுவாயில் என்த்ரேவோசெஸ் என்ற கியூபப் பாடகர் குழு மேடையேறி, ஆசைப்பட்டதெல்லாம் எப்போதும் கிடைத்துவிடாது என்று அர்த்தப்படும் அந்தப் பழைய பாட்டின் முகப்பைப் பாடிற்று. அதை ஸ்டோன்ஸ் வழக்கமாக எந்த ஊரிலும் பாடுவார்கள். உள்ளூர்ப் பாடகர்களைச் சேர்த்துக்கொள்வதும் வழக்கம்தான். விசேஷமாக ஹவானாவுக்கென்று தேர்ந்தெடுத்ததல்ல. கடைசியாகப் பாடியது ‘சாட்டிஸ்பாக்‌ஷன்’. அந்தப் பாட்டு இசைத்தட்டாக வந்தது 1965 கோடையில். காமகுவே முகாம்கள் திறந்தது அதே வருஷம் நவம்பரில். தாத்தாமார்களுக்கு அந்தப் பாட்டு முழுவதும் மனப்பாடமாக இருந்தது. இரைச்சலில் காதில் விழுந்த உச்சரிப்பு எப்படியோ அப்படியே, ஜாகரோடு சேர்ந்து உரக்கப் பாடினார்கள். விளக்குகள் அணைந்தபோது நடுராத்திரி ஆகவில்லை. பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, பெரும்பாலோர் வீட்டுக்கு நடந்தே போனார்கள்.