எதிர்மிதி பிரேக் ஆகுமா? ஃபிக்ஸட் கியர் மிதிவண்டியின் நிறுத்தமுறை வரலாறு: ஒரு மறுவாசிப்பு

ஒற்றை கியர் மிதிவண்டியைப் பற்றி எழுத முனைபவர் எவரும் ஷெல்டன் பிரவுனைக் (1944–2008) கடந்துதான் போகவேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வெஸ்ட் நியூட்டன் ஊரின் ஹாரிஸ் சைக்கிளரி கடையில் பணியாற்றிக்கொண்டே அவர் எழுதிக் குவித்த குறிப்புகளே இத்துறையின் அடிப்படைப் பாடநூலாக இன்றும் இருக்கின்றன. செயின் எவ்வளவு தொய்யலாம், பின்பல்சக்கரம் எந்த மரையில் ஏறும், பழைய சாலைவண்டியை ஃபிக்ஸட் கியராக (பெடலும் பின்சக்கரமும் எப்போதும் சேர்ந்தே சுழலும் அமைப்பாக) மாற்றுவது எப்படி என்பவற்றில் அவர் சொன்னதைத் திருத்த எனக்கு எதுவுமில்லை.

என் மறுப்பு ஒரே இடத்தில்தான். ஃபிக்ஸட் கியர் வண்டிக்கு முன்பிரேக் கட்டாயம் வேண்டும் என்று பிரவுன் வலியுறுத்தினார். அது முற்றிலும் சரி. அதோடு, முன்பிரேக் இருந்தால் தனியே பின்பிரேக் தேவையில்லை, நிலையான பல்சக்கரமே பின்பிரேக்கின் வேலையைச் செய்துவிடுகிறது என்றும் சொன்னார். எதிர்மிதியை, அதாவது சுழலும் பெடலைக் காலால் எதிர்த்து அழுத்துவதை, பின்பிரேக்குக்குச் சமமாக வைக்கும் இந்தக் கூற்று இன்று ஐயத்துக்கு அப்பாற்பட்ட உண்மைபோல் வழங்குகிறது. முன்பிரேக்கையும் கழற்றிவிட்டு ஓட்டுபவர்கள் இதே கூற்றைத்தான் தங்களுக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். அது பிரவுனின் நோக்கமன்று என்றாலும், வாதம் அவருடையதே. இச்சமன்பாடு ஃபிக்ஸட் கியரோடு பிறந்ததன்று, ஃப்ரீவீல் (மிதிக்காதபோதும் சக்கரத்தைத் தானே சுழலவிடும் பல்சக்கரம்) பரவிய பிறகு பின்னோக்கிப் பார்த்து உருவாக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பிரவுன் தரப்பின் வலுவான சான்று

எதிர்த்தரப்பின் சிறந்த சான்றை முதலில் வைப்பதுதான் முறை. அது ஹப்பிலேயே இருக்கிறது. ஃபிக்ஸட் கியருக்கென்று செய்யப்பட்ட பின்ஹப்பில் இரண்டு படிகளாக மரை வெட்டியிருக்கும். உட்பக்கத்தில், விட்டம் கூடிய படியில் பல்சக்கரம் வலது மரையில் ஏறும். வெளிப்பக்கத்தில், விட்டம் குறைந்த படியில் லாக் ரிங் இடது மரையில் ஏறும். முன்னோக்கி மிதிக்க மிதிக்கப் பல்சக்கரம் இறுகும். எதிர்மிதி கொடுத்தால் அது கழல முயலும். கழல முயலும்போது தன்னை ஒட்டிய லாக் ரிங்கையும் அதே திசையில் தள்ளும். லாக் ரிங்கின் மரை இடதாகையால் அதற்கு அது இறுகும் திசை. ஒன்று கழல முயல்வதே மற்றொன்றை இறுக்குகிறது.

எதிர்மிதியின் விசையை முன்கூட்டியே எண்ணிப் பார்க்காத எவரும் இடது மரையை வெட்டியிருக்க மாட்டார்கள். இதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் இது காட்டுவது என்ன? கால்கள் சக்கரத்தின் வேகத்தைப் பிடித்து வைக்கும் என்பதையும், அந்த விசையை ஹப் தாங்கவேண்டும் என்பதையும் மட்டுமே. பிடித்து வைப்பதும் நிறுத்துவதும் ஒன்றல்ல. மாட்டுவண்டி இறக்கத்தில் இறங்கும்போது மாடு பின்னுக்கு அழுத்தி வண்டியைத் தாங்குகிறது. அதனால் மாட்டை யாரும் பிரேக் என்று சொல்வதில்லை.

ஃபோர்க்கில் துருத்திய கால்தாங்கி

என் வாதம் பெரிதும் சாய்ந்து நிற்பது ஒரு சிறு இரும்புத் துண்டின்மீது. 1880களின் பிற்பகுதியிலும் 1890களிலும் வந்த சேஃப்டி வண்டிகளின் (செயினால் பின்சக்கரத்தை ஓட்டும் தாழ்ந்த மிதிவண்டிகளின்) படங்களைப் பார்த்தால், முன்ஃபோர்க்கின் இரு கால்களிலும் வெளிப்பக்கமாகத் துருத்திய குட்டையான தாங்கிகள் சிலவற்றில் தென்படும். வண்டி இறக்கத்தில் போகும்போது பெடல்கள் நிற்காமல் சுழலும். அவற்றிலிருந்து காலை எடுத்து வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். அதற்கானவை இவை.

இதன் பொருளைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். வண்டியை அடக்கவேண்டிய தேவை மிகுதியாக இருப்பது இறக்கத்தில். அந்த இறக்கத்தில்தான் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட இடம் அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். எதிர்மிதியே பின்பிரேக் என்று அக்காலத்தார் கருதியிருந்தால், பிரேக் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதைக் கைவிடுவதற்கென்று ஒரு பாகத்தைப் பொருத்தியிருப்பார்களா? கால் தாங்கியில் இருக்கும்போது வண்டியை அடக்க இருந்தது ஸ்பூன் பிரேக் ஒன்றுதான்: கைப்பிடியின் நெம்புகோலை இழுத்தால் ஒரு தண்டு இறங்கி, அதன் முனையிலுள்ள வளைந்த தகடு முன்டயரின் மேற்பரப்பை அழுத்தும். இதற்கு முந்திய பெருஞ்சக்கர வண்டியில் பெடல் முன்சக்கரத்தோடே பிணைந்திருந்தது. அதிலும் ஸ்பூன் பிரேக் இருந்தது, இறக்கத்தில் காலைக் கைப்பிடிமேல் தூக்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கமும் இருந்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. 1890களில் எடை குறையவேண்டும் என்று ஸ்பூன் பிரேக்கைக் கழற்றிவிட்டு எதிர்மிதியை மட்டும் நம்பி ஓட்டியவர்கள் இருந்தார்கள். கால்தாங்கி எல்லா வண்டிகளிலும் இருந்ததுமில்லை. சான்று மெலிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் பிரேக்கைக் கழற்றியவர்கள் பிரேக் இல்லாமல் ஓட்டினார்கள் என்றே கொள்ளவேண்டும். ஒன்றை விட்டுவிட்டு வேறொன்றால் சமாளித்ததை, அந்த வேறொன்றுக்குப் பழையதன் பெயரைச் சூட்டியதாகக் கொள்ள முடியாது.

ஃப்ரீவீலும் பிரிந்துபோன இரு வேலைகளும்

ஃப்ரீவீலின் காலத்தை ஓர் ஆண்டில் அடக்க இயலாது. அமெரிக்காவில் வில்லியம் வான் ஆண்டன் 1869லேயே காப்புரிமை பெற்றார். சாலைகளில் அது பரவியதோ 1890களின் இறுதியில்தான். இடைப்பட்ட முப்பது ஆண்டுத் தேக்கத்துக்கு ஒரு காரணத்தை உறுதியாகச் சொல்ல நான் துணியமாட்டேன். நல்ல பிரேக் இல்லாமல் ஃப்ரீவீலை நம்ப ஆளில்லை என்பது ஏற்கத்தக்க விளக்கம். பிரேக்கை இழுக்கும் பவுடன் கம்பி 1896லும், நியூ டிபார்ச்சர் நிறுவனத்தின் கோஸ்டர் பிரேக் 1898லும், ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட்டில் ஃபிக்டல் அண்ட் சாக்ஸ் செய்த டார்பிடோ ஹப் 1903லும் வந்தன.

கோஸ்டர் பிரேக்தான் இங்கே கவனத்துக்குரியது. அதிலும் ஓட்டுநர் செய்வது எதிர்மிதிதான். ஆனால் அந்த எதிர்மிதி ஹப்புக்குள் இருக்கும் உராய்வுப் பாகத்தை விரித்து ஹப்பின் உட்சுவரில் அழுத்துகிறது. கால் கட்டளை இடுகிறது, உராய்வு நிறுத்துகிறது. எதிர்மிதியே போதுமான பிரேக்காக இருந்திருந்தால், இத்தனை நுட்பமான உறுப்பை ஹப்புக்குள் அடைக்கவேண்டிய கட்டாயம் குறைந்திருக்கும். கால்தாங்கி மறைந்ததும் இக்காலத்தில்தான். பெடல் தானே நின்றபின் அதற்கு வேலையில்லை.

சட்டத்தின் வாசகம்

பிரவுனின் வாசிப்புக்குப் பலரும் துணை தேடுவது பிரிட்டனின் 1983ஆம் ஆண்டு மிதிவண்டி விதிகளில். அதன் வாசகத்தைச் சொல் சொல்லாகப் பார்ப்பது நலம். இருக்கை உயரம் 635 மில்லிமீட்டருக்குக் குறையாத வண்டிக்கு ஒன்றையொன்று சாராத இரு பிரேக் அமைப்புகள், முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக, வேண்டும். ஏதேனும் ஒரு சக்கரம் பெடலைச் சாராமல் சுழல முடியாதபடி அமைந்த வண்டிக்கு முன்சக்கர பிரேக் மட்டும் போதும். இங்கே நிலையான பல்சக்கரத்துக்குப் பிரேக் என்ற பெயர் தரப்படவே இல்லை. ‘பெடலைச் சாராமல் சுழல முடியாத சக்கரம்’ என்று அமைப்பை விவரித்து, அதற்கு ஒரு விலக்கு அளிக்கிறார்கள், அவ்வளவே. விலக்கை வரையறையாக வாசிப்பதுதான் பிழை.

ஜப்பானிய விதி இந்த விலக்கைக்கூடத் தரவில்லை. முன்னும் பின்னும் பிரேக் வேண்டும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 3 மீட்டருக்குள் வண்டி நிற்கவேண்டும். கணக்கிட்டால் இதற்கு வேண்டிய வேகக்குறைப்பு புவியீர்ப்பு முடுக்கத்தில் சுமார் 0.13 பங்கு. திறமையுள்ளவர் எதிர்மிதியால் மட்டுமே இந்தத் தூரத்தில் நிறுத்திவிடலாம். அப்படியிருந்தும் அச்சட்டம் இரு பிரேக்குகளைக் கேட்கிறது. ஃபிக்ஸட் கியர் வண்டிகள் ஓடும் கெய்ரின் பந்தயம் 1948இல் கோக்குரா நகரில் தொடங்கிய நாட்டில், ஃபிக்ஸட் கியரை நன்கறிந்த நாட்டில், இது அறியாமையால் எழுதப்பட்டதாக இருக்க முடியாது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலச் சட்டமோ, உலர்ந்த, சமமான, தூய தளத்தில் சக்கரத்தைச் சறுக்கவைக்கும் பிரேக் வேண்டும் என்கிறது. 2006இல் போர்ட்லாந்தில் வந்த வழக்கில், எதிர்மிதியால் சறுக்க முடிவதால் அதுவே பிரேக் என்று வாதிடப்பட்டது. நீதிபதி ஏற்கவில்லை. சறுக்கவைப்பது பற்றிய அந்தச் சட்டத்தொடர் பிரேக்கின் வலுவை அளக்கிறது, பிரேக் எது என்று வரையறுக்கவில்லை. தீர்ப்பு சரியென்றே கருதுகிறேன்.

டயர் சொல்லும் கணக்கு

இயற்பியலும் இதையே சொல்கிறது. ஓட்டுநரோடு சேர்ந்த பொருண்மை மையம் தரையிலிருந்து சுமார் 1.14 மீட்டர் உயரத்திலும் முன்சக்கரம் தரையைத் தொடுமிடத்துக்கு 0.64 மீட்டர் பின்னாலும் இருப்பதாகக் கொண்டால், வண்டி குப்புறக் கவிழுமுன் முன்பிரேக்கால் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.56 பங்கு வரை வேகத்தைக் குறைக்கலாம். பின்சக்கரத்தால் மட்டும் நல்ல சாலையில் கிடைப்பது சுமார் 0.26, பாதிக்கும் குறைவு. எதிர்மிதியில் சறுக்குபவர் உடலை முன்னே சாய்த்துப் பின்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்தே அதைப் பூட்டுகிறார். அதாவது கிடைக்கும் உராய்வையும் குறைத்துக்கொள்கிறார். அந்நேரம் தேய்வது பிரேக் கட்டையன்று, டயர். 48 பல் முன்பல்சக்கரமும் 16 பல் பின்பல்சக்கரமும் கொண்ட வண்டியில் விகிதம் சரியாக 3 ஆகையால், ஒரே காலை முன்வைத்துச் சறுக்கினால் ஒவ்வொரு முறையும் டயரின் அதே இடம் தரையில் உரசும். 47க்கு 17 என்றால் தேய்மானம் 17 இடங்களுக்குப் பகிரும். இந்தக் கணக்கு வழக்கில் இருப்பதே, அங்கே பிரேக்கின் வேலையை டயர் சுமக்கிறது என்பதற்குச் சான்று.

செயின் கழன்றால் எதிர்மிதி அந்நொடியே இல்லாமற் போகிறது. ஒன்றையொன்று சாராத இரு அமைப்புகள் என்ற கோட்பாட்டின் பொருள் இத்தகைய நிலையில்தான் தெளிவாகிறது.

எதிர்மிதியைப் பின்பிரேக்குக்குச் சமமாக வைக்கும் வழக்கு எப்போது தோன்றியது என்பதற்கு ஓர் ஆண்டைத் தர என்னால் இயலவில்லை. ஃப்ரீவீல் பரவி, பின்பிரேக் வழக்கமாகி, ‘இந்த வண்டியில் அது ஏன் இல்லை’ என்ற கேள்வி எழுந்த பிறகே தோன்றியிருக்கும் என்பதும், 1983இன் விலக்குக்கு முன்பே அதன் நிழல் விழுந்துவிட்டது என்பதும் மட்டுமே சான்றுகள் தாங்கும் முடிவு. 2016இல் லண்டனில் முன்பிரேக் இல்லாத ஃபிக்ஸட் கியர் வண்டி மோதி ஒரு பெண் உயிரிழந்தார். சொல்லின் பொருளைப் பற்றிய ஆய்வு இங்கே ஏட்டோடு நிற்பதில்லை.

வண்டி கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. லாக் ரிங் இல்லாத ஹப்பில் ஃபிக்ஸட் பல்சக்கரம் ஏற்றாதீர்கள். பிரேக் பொருத்தத் துளையில்லாத பந்தய ஃபோர்க்கைச் சாலைக்குக் கொண்டுவராதீர்கள். ஹப்பின் மறுபக்கத்தில் ஃப்ரீவீல் இருந்தால் பின்பிரேக்கையும் மாட்டுங்கள்; இதைப் பிரவுனும் சொல்லியிருக்கிறார். எதிர்மிதியைத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள், பிரேக் என்று எண்ணாதீர்கள்.